மணலில் திணறும் ஆர்எக்ஸ் 100: போர்ட்டை இப்போது தொடாதீர்கள்

தம்பி, உச்சிப்புளி மணலில் உங்கள் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் இரண்டாவது கியரிலேயே திணறுகிறது, சீக்கிரம் சூடேறி இழுவை போய்விடுகிறது, சிலிண்டரில் காற்றும் புகையும் போய்வரும் துளையான போர்ட்டைப் பெரிதாக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டை உயர்த்தினால், இன்ஜின் வேகமாகச் சுற்றும் மேல் ஆர்பிஎம்முக்குச் சக்தி போய்விடும். மணலுக்கு வேண்டியது அடி இழுவை, அதாவது இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே கிடைக்கும் இழுவை. செயின் ஓடும் பின் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் மூன்று நான்கு பல் கூட்டினாலே வித்தியாசம் தெரியும்.

எனக்குப் பயம் அந்தச் சூடுதான். வயிறு அகன்ற ரேஸ் சைலன்சரான எக்ஸ்பான்ஷன் சேம்பர் போட்டுவிட்டு, கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட் பழையதே என்கிறீர்கள். பெட்ரோல் போதவில்லை, இப்படியே ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். முதலில் கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஜெட்டை ஒரு அளவு கூட்டி, ஃபுல் த்ராட்டிலில் ஓட்டி, கிளட்சைப் பிடித்தபடி இன்ஜினை அணைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பாருங்கள். காப்பி நிறம் என்றால் சரி. வெள்ளை என்றால் இன்னும் கூட்ட வேண்டும், ஈரக் கரி என்றால் குறைக்க வேண்டும்.

ஏர் ஃபில்டர் ஃபோமில் ஃபில்டர் ஆயில் தடவி, விளிம்பில் கிரீஸ் வையுங்கள். கார்புரேட்டர் வாயில் விரலால் தடவும்போது நறநறவென்றால் மணல் உள்ளே போகிறது, ஓட்டாதீர்கள்.

மணலுக்காக டயர் காற்றைக் குறைத்தால், டயர் ரிம்மில் நழுவாமல் பிடிக்கும் ரிம் லாக் அவசியம். நம் பக்கம் கருவேல முள் வேறு. தடித்த ட்யூப் போடுங்கள். ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்பு போர் தண்ணீர் வேண்டாம்.

ஜெட் மாற்றியதும் பிளக் படத்தைப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.