சிறிய அறையில் கண்ணாடி மாட்டினால் அது ஏன் பெரிதாகத் தெரிகிறது?

முகம் பார்க்கும் கண்ணாடி என்பது, பின்புறம் வெள்ளியோ அலுமினியமோ மெல்லியதாகப் பூசப்பட்டு, தன்மேல் விழும் ஒளியைச் சிதறவிடாமல் திருப்பி அனுப்பும் தகடு. ஒரு பொருள் அதற்கு முன்னால் எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, அதே தொலைவில் பின்னால் இருப்பதுபோல் பிம்பம் தோன்றுவதால், 10 அடி அறை 20 அடி நீள்வதாகக் கண் கொள்கிறது. காற்றில்லாத காலையில் ஏற்காடு ஏரிக்குள் இன்னொரு மரவரிசை தலைகீழாக நிற்பதும் இதனால்தான். சேலத்தில் குகை என்னும் பகுதியில் உள்ளவை போன்ற நெருக்கமான வீடுகளில், ஒரே சன்னல் உள்ள கூடமானால், அதன் எதிர்ச்சுவரில் மாட்டுவதையே நான் வலியுறுத்துவேன். சன்னலில் தெரியும் வானம் அங்கும் தெரியும், வெளிச்சமும் உள்ளே பரவும். சிறிய கண்ணாடியிலிருந்து பின்னால் தள்ளி நின்றால் முழு உருவமும் தெரிந்துவிடும் என்று பலர் எண்ணுவது தவறு. நம் உயரத்தில் பாதியளவுள்ள கண்ணாடியைப் பொருத்தமான உயரத்தில் மாட்டினால்தான், எவ்வளவு தொலைவில் நின்றாலும், தலைமுதல் கால்வரை தெரியும்.