சிங்டாவின் மனைச் சட்டம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சீனாவின் சிங்டாவ் நகரில் ஜெர்மானியர் போட்ட சாக்கடை நூறு வருஷம் தாண்டியும் அடைப்பதில்லையாம். ஒரு பாகம் பழுதானபோது, ‘3 மீட்டருக்குள் தோண்டிப் பாருங்கள்’ என்று பழைய ஜெர்மன் நிறுவனம் எழுதியதாம். எண்ணெய்த் தாளில் சுற்றிய உதிரிபாகம் கிடைத்ததாம். உண்மையா? அவர்களுடைய பியர் ஆலையும் இன்னும் ஓடுகிறது. பிரிட்டிஷாரைவிட ஜெர்மானியர் நல்ல ஆட்சியாளர்கள்தானே?

ர.

அன்புள்ள ர.,

எண்ணெய்த் தாள் வெறும் கதை. ஜெர்மன் காலத்துக் குழாய்களில் மிஞ்சியிருப்பது பழைய நகரில் ஒரு சிறு பகுதிதான். பியர் ஆலை 1903இல் ஆங்கிலேய, ஜெர்மன் முதலாளிகள் சேர்ந்து தொடங்கியது. 1916இல் ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. இவை போகட்டும்.

உங்கள் ஆர்வம் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு நகரம் ஒழுங்காக இருக்கிறது என்றதும் குழாயைப் பார்க்கிறீர்களே, நிலம் யார் கையில் இருந்தது என்று ஏன் கேட்கவில்லை? வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே நம்பும் சோம்பல் உங்களுக்கு வேண்டாம்.

1897 நவம்பர் 14 அன்று ஜெர்மன் கடற்படை அங்கே இறங்கியது. 1898 மார்ச் 6 அன்று 99 ஆண்டுக் குத்தகை. அதே ஆண்டு செப்டம்பர் 2 அன்று நிலச் சட்டம் வந்துவிட்டது. இதை உருவாக்கியவர் வில்ஹெல்ம் ஷ்ராமையர் என்ற ஜெர்மன் அதிகாரி. ஷாங்காயிலும் ஹாங்காங்கிலும் ஆள்கள் மனையை வாங்கிச் சும்மா போட்டுவைத்து விலையேற்றியது அவர் கண்முன் இருந்தது.

முறை இதுதான். சீனக் குடியானவர் நிலத்தை அரசுக்கு மட்டுமே விற்கலாம். அரசு அதை மனைகளாகப் பிரித்து ஏலம் விடும். கேட்பவர் என்ன கட்டப்போகிறார், எப்போது முடிப்பார் என்று முன்பே சொல்ல வேண்டும். வாங்கியபின் நில மதிப்பில் ஆண்டுக்கு 6 சதவீதம் வரி. விற்றால், நிலத்தின் விலையேற்றத்தில் மூன்றில் ஒரு பங்கு அரசுக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 3,000 டாலருக்கு எடுத்த மனையில் 2,000 டாலருக்குக் கட்டி, மொத்தம் 8,000க்கு விற்றால், கட்டுமானச் செலவு போக லாபம் 3,000, அதில் 1,000 வரி. பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டினால்? காட்டிய விலைக்கே அரசு வாங்கிக்கொள்ளலாம். நம் ஊர்ப் பத்திரப்பதிவை அறிந்தவர்கள் இந்த வாக்கியத்தை இரண்டு முறை படிக்க வேண்டும். விற்காமலே வைத்திருந்தாலும் 25 ஆண்டுக்கு ஒருமுறை மதிப்பிட்டு அதே பங்கு.

சொன்னபடி கட்டாதவரிடமிருந்து பாதி மதிப்பைக் கொடுத்து மனையைத் திரும்ப எடுப்பது என்றுதான் முதலில் வைத்தார்கள். பிறகு அதை மாற்றி, 6 சதவீத வரி 9 ஆகி, மூன்றாண்டுக்கு ஒருமுறை மும்மூன்றாக 24 சதவீதம் வரை ஏறும் என்றார்கள். கட்டிவிட்டால் மீண்டும் 6. விலையேற்ற வரியால் கஜானாவுக்குப் பெரிதாக வந்ததில்லை. ஊக வியாபாரத்தைத் தடுக்க வைத்த வரி அது.

இப்போது ‘நல்ல ஆட்சியாளர்கள்’ என்ற பேச்சுக்கு வருகிறேன். அரசு குடியானவருக்குக் கொடுத்தது படை இறங்குவதற்கு முந்தைய விலை. வேறு யாருக்கும் விற்க மாட்டேன் என்ற வாக்குறுதிக்காக முதலில் கொடுத்த தொகை, இரண்டு வருஷ நிலவரி அளவு. அவ்வளவுதான்! துறைமுகமும் ரயிலும் வந்து விலை ஏறியபோது அந்த ஏற்றத்தில் அவருக்குச் சல்லிக்காசு கிடையாது. ஊரை இடித்தார்கள், ஐரோப்பியர் பகுதியில் சீனர் குடியிருக்கத் தடை, சீனக் கடைக்காரருக்குத் தாபாவ்தாவ் என்ற தனிப் பகுதி, கூலிகளுக்குத் தள்ளி வேறு குடியிருப்புகள். 1900ஆம் ஆண்டு ஆணைப்படி இரவு 9 மணிக்குமேல் விளக்கில்லாமல் சீனர் தெருவில் நடக்கக் கூடாது. இதை நல்லாட்சி என்று நீங்கள் எழுதினால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

சீனர்களே நிலச் சட்டத்தையும் அந்நிய ஆட்சியையும் பிரித்துப் பார்த்தார்கள். 1912இல் சிங்டாவைப் பார்த்த, சீனக் குடியரசின் முதல் தலைவர் சன் யாட்-சென் நகரைப் பாராட்டினார், குத்தகையை அல்ல. நிலச் சொந்தக்காரரே விலையைச் சொல்லட்டும், அரசு அதற்கு வரி போடும் அல்லது அந்த விலைக்கே வாங்கும் என்பது அவருடைய கொள்கை. 1924இல் ஷ்ராமையரையே ஆலோசகராகக் குவாங்சோவுக்கு வரவழைத்தார்கள். அவர் கொள்கையைப் பின்பற்றிய தைவானில் இன்றும் நிலம் கைமாறும்போது, விலையேற்றத்தில் பொதுவாக 20 முதல் 40 சதவீதம் வரி. அடுத்த கடிதத்தில் அதைப் பற்றிக் கேளுங்கள், விரிவாக எழுதுகிறேன்.