பானைக்குள் ஒரு நீலக் குஞ்சு: கூண்டுப் பறவை கேள்வி–பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நிறத்தைப் பற்றித்தான். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நம்ம பக்கம் 'லவ் பேர்ட்ஸ்' என்று எல்லாரும் சொல்வது பட்ஜியைத்தான். ஆப்பிரிக்கன் லவ் பேர்ட் வேறு இனம், அதன் கணக்கும் வேறு. இங்கே இருப்பதெல்லாம் பட்ஜிக்கான பதில்கள்.

பொடக்காணியில் ஒரே ஒரு கூண்டு, அதில் ஒரே ஒரு ஜோடி, இரண்டும் பச்சை. இந்தத் தடவை ஐந்து குஞ்சு பொரித்தது. நான்கு பச்சை, ஒன்று மட்டும் வானம் மாதிரி நீலம். "வேறு எங்கேயோ சேர்ந்துவிட்டு வந்த பெட்டையை உன் தலையில் கட்டிவிட்டான்" என்கிறார் மாமனார். வாங்கி எட்டு மாதம் ஆகிறதே, இது எப்படி?
— ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

அந்தப் பெட்டை மேல் ஒரு குற்றமும் இல்லை அம்மிணி, மாமனாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள். அமுச்சியின் பூனைக்கண் மகளை விட்டுவிட்டுப் பேத்திக்கு வந்து நிற்பதை நாம் பார்த்ததில்லையா, அதே கதைதான்.

பட்ஜியின் பச்சை இறகில் பச்சைச் சாயம் என்று ஒன்று கிடையவே கிடையாது. மேல் பூச்சாக மஞ்சள் நிறமி இருக்கிறது, அதற்கு அடியில் நீல ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும் பஞ்சு போன்ற நுண்ணிய அமைப்பு, அதற்கும் அடியில் கருப்பு நிறமி. நீலமும் மஞ்சளும் சேர்ந்து நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது. மஞ்சளை மட்டும் எடுத்துவிட்டால் மிச்சம் நீலம். நம்பிக்கை இல்லையென்றால் அந்தக் குஞ்சு வளர்ந்து இறகு உதிர்க்கும்போது கூண்டுத் தட்டில் கிடக்கும் நீல இறகு ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், நீலம் காணாமல் போய் அழுக்குப் பழுப்பாகத் தெரியும். கையில் வைத்து மேலிருந்து பார்த்தால் திரும்ப நீலம் வந்துவிடும். சாயமாக இருந்தால் இப்படி ஓடி ஒளியாது.

மஞ்சளைத் தயாரிக்கும் நொதிக்கு ஒரு மரபணு இருக்கிறது. அதில் ஒரே ஓர் இடத்தில் ஏற்பட்ட மாற்றம்தான் பறவையை நீலமாக்குகிறது என்று 2017-இல் 'செல்' ஆய்விதழில் வந்த ஆய்வு காட்டியது. ஒவ்வொரு குஞ்சுக்கும் இந்த மரபணு அப்பனிடமிருந்து ஒன்று, ஆத்தாளிடமிருந்து ஒன்று என்று இரண்டு வரும். ஒன்று கெட்டிருந்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும், பறவை பச்சையாகவே இருக்கும். இப்படி உள்ளே நீலத்தை மறைத்து வைத்திருக்கும் பச்சையைத்தான் வளர்ப்பவர்கள் 'ஸ்பிளிட் புளூ' என்கிறார்கள். உங்கள் ஜோடி இரண்டுமே ஸ்பிளிட். இரண்டு பேரிடமிருந்தும் கெட்டது வந்து சேர்ந்த குஞ்சு நீலமாகிவிட்டது. ஒவ்வொரு முட்டைக்கும் அதற்கு நாலில் ஒரு வாய்ப்பு, அதனால் ஐந்தில் ஒன்று என்பது சரியான வரவுதான். அடுத்த தடவை ஒன்றுகூட வராமலும் போகலாம், மூன்று வந்தாலும் அதிசயம் இல்லை. தாயக்கட்டை உருட்டுகிற மாதிரி, ஒவ்வொரு முட்டைக்கும் புதுசாக உருட்டுகிறார்கள்.

அந்த நான்கு பச்சைக் குஞ்சுகளில் எது ஸ்பிளிட் என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றும் ஸ்பிளிட்டாக இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு உண்டு. தெரிந்தே ஆகவேண்டும் என்றால் வளர்ந்த பிறகு வேறு குடும்பத்து நீலத்தோடு ஜோடி போடுங்கள். ஒரே ஒரு நீலக் குஞ்சு வந்தாலும் ஸ்பிளிட் உறுதி. எட்டுக் குஞ்சு வரிசையாகப் பச்சையாகவே வந்தால் அநேகமாக அது சுத்தப் பச்சை, ஏனென்றால் ஸ்பிளிட்டுக்கு அப்படி அமைய 256-இல் ஒரு வாய்ப்புத்தான்.

நீங்கள் ஒரு கூண்டில் ஒரு ஜோடி வைத்ததால்தான் இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்ல முடிகிறது. நான் ஆரம்பத்தில் பன்னிரண்டு ஜோடியை ஒரே பெரிய கூண்டில் விட்டுவிட்டு, எந்தப் பானையில் எந்த நிறம் பொரித்தது என்று மூன்று வருடம் நோட்டுப் போட்டு எழுதினேன். பானைக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது தெரியும், அப்பன் யார் என்பது எனக்கும் தெரியாது, அந்தப் பெட்டைக்கே தெரியுமோ என்னவோ. அந்த நோட்டில் இப்போது தீவனக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தண்ணீரில் மஞ்சள் தூள், தினையோடு கேரட் துருவல் கொடுத்தால் மஞ்சள் நிறம் தூக்கலாக வரும் என்கிறார்களே?
— கல்லூரி மாணவர், மேட்டுப்பாளையம்

வராது தம்பி. கேனரிப் பறவைக்குத் தீவனத்தில் நிறமி கலந்து கொடுத்து இறகை மாற்ற முடியும், அதைப் பார்த்துக் கிளம்பிய கதை இது. கிளி இனங்கள் தங்கள் மஞ்சளையும் சிவப்பையும் உடம்புக்குள்ளேயே தயாரித்துக்கொள்கின்றன, சாப்பாட்டிலிருந்து எடுப்பதில்லை. கேரட் கொடுங்கள், உடம்புக்கு நல்லது. மஞ்சள் தூளைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

'ஸ்பிளிட் லுட்டினோ' என்று சொல்லி, சாதாரணப் பச்சையைவிட மூன்று மடங்கு விலைக்கு ஒரு பச்சைப் பெட்டை கொடுத்தார்கள். என்னிடம் இருந்த பச்சை ஆணோடு போட்டேன். மூன்று தடவை பொரித்தாயிற்று, ஒரு மஞ்சள் குஞ்சைக் காணோம். இன்னும் காத்திருக்கலாமா?
— தறி ஓட்டும் வாசகர், பல்லடம்

காத்திருக்க வேண்டாம். உங்களை ஏமாற்றிவிட்டார்கள், விற்றவருக்கே தெரியாமல் விற்றிருந்தால் அவரையும் யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள். லுட்டினோவுக்கு 'ஸ்பிளிட்' பெட்டை என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. இந்த ஒரு வரியை வெட்டிக் கூண்டில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் குரோமோசோம் மனிதர்களில் ஆணுக்கு எக்ஸ்–ஒய், பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். பறவைகளில் இது தலைகீழ்: ஆணுக்கு இரண்டு இசட், பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. கருப்பு நிறமியை நிறுத்திவிடும் 'இனோ' மரபணு அந்த இசட்டில் உட்கார்ந்திருக்கிறது. கருப்பு போனால் நீலமும் எடுபடாது, மஞ்சள் மட்டும் மிஞ்சும், அதுதான் செங்கண்ணோடு இருக்கும் லுட்டினோ. நீலப் பறவையில் இதே இனோ வந்தால் மஞ்சளும் இல்லாமல் வெள்ளையாகிவிடும், அது அல்பினோ. ஆணுக்கு இரண்டு இசட் இருப்பதால் ஒன்றில் இனோவை ஒளித்து வைத்துக்கொண்டு வெளியே பச்சையாகத் திரியலாம். பெட்டைக்கு இருப்பதே ஒரு இசட், அதில் இனோ இருந்தால் வெளியே தெரிந்துதான் தீரும், தெரியவில்லை என்றால் இல்லை. ஒபலைன், சின்னமன் என்ற வேறு இரண்டு நிற வகைகளுக்கும் இதே சட்டம்தான், அதனால் 'ஸ்பிளிட் ஒபலைன் பெட்டை' என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். (நீலம் வேறு. அது இசட்டில் இல்லை, முதல் கேள்வியில் பார்த்த மாதிரி ஆண், பெட்டை இரண்டும் ஸ்பிளிட் ஆகலாம். இந்த இரண்டையும் குழப்பித்தான் பாதி வியாபாரமே நடக்கிறது.)

போட்ட பணம் முழுக்க வீண் என்று நினைக்காதீர்கள். அந்தப் பெட்டை ஆரோக்கியமாக இருந்தால் ஒரு லுட்டினோ ஆணை வாங்கி அதோடு போடுங்கள். பொரிக்கிற பெட்டைகள் அத்தனையும் மஞ்சள், ஆண்கள் அத்தனையும் பச்சை, ஆனால் ஸ்பிளிட். இறகு முளைக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், பொரித்த நாலைந்து நாளில் பானைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், கண் இன்னும் திறந்திருக்காது, தோலுக்கு அடியில் சில குஞ்சுக்குக் கருப்பு மிளகு மாதிரியும் சில குஞ்சுக்கு மாதுளை முத்து மாதிரியும் தெரியும். மாதுளை முத்தெல்லாம் பெட்டை. லுட்டினோ ஆண் கட்டுப்படியாகாது என்றால், லுட்டினோ பெட்டைக்குப் பிறந்த பச்சை ஆணைத் தேடுங்கள், ஆத்தா லுட்டினோ என்றால் மகன் கட்டாயம் ஸ்பிளிட். அவனைப் போட்டால் பெட்டைக் குஞ்சுகளில் பாதி மஞ்சளாகும். விற்பவர் ஆத்தாளைக் கூண்டில் காட்டினால் மட்டும் காசை எடுங்கள். வாய்வார்த்தைக்கு அல்ல.

இந்தக் கணக்கெல்லாம் இன்று நேற்று வந்ததில்லை. ஜெர்மனியில் பிரெமன் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஹான்ஸ் டுங்கர் என்பவர் 1920-களிலேயே பட்ஜிகளை ஜோடி போட்டு நிற மரபை வரிசைப்படுத்த ஆரம்பித்துவிட்டார். நூறு வருடம் கழித்தும் நாம் ஏமாந்துகொண்டிருக்கிறோம்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன்: கூண்டு தறிக் கொட்டகைக்குள் இருந்தால் வெளியே மாற்றுங்கள். பஞ்சுத் தூசி நமக்கே ஆகாது, பறவை நுரையீரல் தாங்காது.

ஒரு வயது நிரம்பிய லுட்டினோவுக்கு மூக்கு இன்னும் ரோஸ் நிறத்திலேயே இருக்கிறது. நீலமாக மாறினால் ஆண் என்றார்களே?
— வாசகி, பொள்ளாச்சி

அநேகமாக ஆண்தான். அலகுக்கு மேல் இருக்கும் அந்த மெத்தென்ற பகுதி சாதாரண ஆணுக்கு நீலமாகும், லுட்டினோ, அல்பினோ, ரிசெசிவ் பைட் (திட்டுத்திட்டாக நிறம் இருக்கும் வகை) ஆண்களுக்கு ஆயுசுக்கும் ரோஸ் அல்லது ஊதா கலந்த ரோஸாகவே நிற்கும். பெட்டை என்றால் மூக்குத் துவாரத்தைச் சுற்றி சுண்ணாம்பு தொட்ட மாதிரி வெளுத்திருக்கும், அடைக்குத் தயாராகும்போது பழுப்பாகித் தடித்துவிடும்.

இரண்டு கோபால்ட் நீலத்தை ஜோடி போட்டால் எல்லாம் கோபால்ட்டாக வரும் என்று நம்பினேன். வானநீலம் இரண்டு, கோபால்ட் இரண்டு, சாம்பல் படிந்த மாதிரி ஒன்று வந்திருக்கிறது. எங்கே தப்பு?
— மாடு வளர்க்கும் வாசகர், காங்கேயம்

தப்பே இல்லை, இப்படித்தான் வரும். மயிலைக் காளைக்கும் மயிலைப் பசுவுக்கும் பிறந்த கன்று செவலையாக நிற்பதைப் பார்த்து நீங்கள் பதறுவீர்களா? உங்கள் ஊர் மாட்டுக்கு அது வளர வளர மாறும், அது வேறு விஷயம். இங்கே குஞ்சு பொரித்தபோதே முடிவான நிறம்.

நிறத்தை அடர்த்தியாக்கும் 'டார்க் ஃபேக்டர்' என்று ஒன்று உண்டு. அது ஒளிந்திருக்காது, ஒன்று இருந்தால் ஒரு படி, இரண்டு இருந்தால் இரண்டு படி கருக்கும். நீலத்தில் ஒன்றும் இல்லாதது வானநீலம், ஒன்று இருப்பது கோபால்ட், இரண்டு இருப்பது மாவ். சாம்பல் படிந்த குஞ்சு அந்த மாவ்தான். பச்சையில் இதே படிகள் வெளிர்பச்சை, கரும்பச்சை, ஆலிவ். கோபால்ட் என்பதே பாதி நிலை என்பதால் கோபால்ட்டும் கோபால்ட்டும் சேர்ந்தால் காலே அரைக்கால் கணக்கு இல்லாமல் நேராக நாலில் ஒன்று வானநீலம், பாதி கோபால்ட், நாலில் ஒன்று மாவ்.

குஞ்சு முழுக்கக் கோபால்ட்டாகவே வேண்டுமா? யாரும் சீண்டாத அந்த மாவ் குஞ்சை விற்காமல் வைத்திருங்கள். அது வளர்ந்ததும் வெளியிலிருந்து ஒரு வானநீலம் வாங்கி ஜோடி போட்டால் நூற்றுக்கு நூறு கோபால்ட். கூடப் பிறந்த வானநீலம்தான் கையிலேயே இருக்கிறதே என்று அதோடு போட்டுவிடாதீர்கள், அண்ணன் தங்கையைக் கட்டினால் நிறம் வரும், கூடவே எலும்பும் தோலுமான குஞ்சும் பொரிக்காத முட்டையும் வரும்.

பச்சைக்கிளியிலும் இப்படிக் கலர் எடுக்க ஆசை. தோட்டத்தில் தென்னை மரப் பொந்தில் இரண்டு குஞ்சு இருக்கிறது, எடுத்து வளர்க்கலாமா?
— வாசகர், சத்தியமங்கலம்

எடுக்காதீர்கள். பட்ஜி ஆஸ்திரேலியாவில் இருந்து வந்தது, 1840-இல் ஜான் கூல்டு உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனதிலிருந்து கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகியது, அதை வளர்க்கத் தடை இல்லை. நம் ஊர்ப் பச்சைக்கிளி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் கீழ் வருகிறது, பிடித்தாலும் விற்றாலும் வீட்டில் வைத்திருந்தாலும் குற்றம். ஏணி வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், ஆத்தாளும் அப்பனும் இரை கொண்டுவரத் தயங்கும்.