ரங்கண்ணா பாபுவுக்கு என்ன செய்தார்?

அன்புள்ள ஐயா,

மும்பை செம்பூரில் சில தமிழ்க் குடும்பங்கள் மாதம் ஒருமுறை கூடி நாவல் பேசுகிறோம். இந்த முறை தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’. இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவர்களுக்காக ஒருவர் சில அத்தியாயங்களை உரக்க வாசித்தார். ஐ.டி.யில் வேலை பார்க்கும் ஒரு பையன் கேட்டான்: “நாவல் முடியும்போதுகூட கதாநாயகன் பாபு பெரிய வித்வான் ஆகவில்லை. அப்படியென்றால் அவனுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்த குரு ரங்கண்ணா தோற்றுப்போன மென்டார்தானே?” எங்களுக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகி, செம்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பையன் கேட்டது நல்ல கேள்வி. கச்சேரிக் கணக்கு பார்த்தால் ரங்கண்ணா தேறமாட்டார்தான். ஆனால் பாபுவின் காது என்ன ஆனது என்று பாருங்கள். கும்பகோணத்தில் கல்லூரியில் படிக்கும், பாட்டில் ஆசை உள்ள பையன் அவன். ரங்கண்ணாவிடம் உட்கார்ந்து கேட்டபின், எது நாதம், எது ஒப்பேற்றுவது என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. தன் பாட்டில் உள்ள குறையும் தெரிகிறது. அதனால்தான் அவனால் அவசரப்பட்டு மேடை ஏற முடியவில்லை. குரு கொடுத்ததே அவனைத் தடுக்கிறது. இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மராட்டியப் பாடகர்கள் வரும் பகுதியை மறுபடி வாசியுங்கள். அந்தக் குரலைக் கேட்டு பாபு ஆடிப்போகிறான். இத்தனை வயதான வித்வான், ‘இது நம்ம சங்கீதம் இல்லை’ என்று ஒதுக்கியிருக்கலாம். ரங்கண்ணா ஒதுக்கவில்லை, மனம்விட்டு ரசிக்கிறார். சிஷ்யன் பார்க்க இன்னொருவர் வித்தையை வியக்க எல்லா வாத்தியாருக்கும் வராது. குரலைப் பற்றி பாபு பிறகு படும் தவிப்புக்கு விதை அங்கேதான் விழுகிறது. ஜானகிராமனும் முறையாகச் சங்கீதம் கற்றவர். அந்தப் பக்கங்களில் அது தெரியும்.

சரி, வாழ்க்கை? பாபுவின் குழப்பங்களுக்கு ரங்கண்ணாவிடம் மருந்து இல்லை. பாட்டு வாத்தியாரிடம் அதை எதிர்பார்க்கவும் வேண்டாம். அந்த வேலையை, அவன் மோகம் கொண்ட யமுனா செய்கிறாள். அவனைவிடப் பத்து வயது மூத்தவள். கடைசியில் அவனுக்கு இணங்கியபின், இதற்குத்தானா இத்தனையும் என்று கேட்கிறாள். அந்தக் கேள்வியில்தான் பாபு பெரியவனாகிறான் என்பேன். மறுபடி சங்கீதத்தின் பக்கம் அவனைத் தள்ளுவதும் அவள்தான். உங்கள் கடிதத்தில் அவள் பெயரே இல்லை. அடுத்த கூட்டத்தில் அவளையும் குருவாக வைத்துப் பேசிப் பாருங்கள்.

தங்கம்மாவுக்குத்தான் யாருமே இல்லை. கிழவருக்கு வாழ்க்கைப்பட்ட அந்தச் சின்னப் பெண் மனம்விட்டுப் பேச ஓர் ஆள் கிடையாது. அவள் சாவை என்னால் இன்றும் சாதாரணமாகக் கடக்க முடிவதில்லை. வளர்வதற்கு அவகாசம் கிடைத்தது பாபுவுக்கு மட்டும்தான் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு யோசனை. நீங்கள் இருப்பது மும்பையில். இந்துஸ்தானி சங்கீதம் கற்கும் மராட்டியர் யாராவது உங்கள் கட்டடத்திலேயே இருக்கக்கூடும். அவரைக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். விடியற்காலையில் கீழ் ஸ்தாயியில், மந்த்ர ஷட்ஜத்தை, அதாவது கீழ் ‘ஸ’வை, நீளப் பிடித்துச் செய்யும் கரஜ் சாதகத்தைக் கொஞ்சம் பாடிக் காட்டச் சொல்லுங்கள். அதைக் கேட்ட கையோடு அந்த மராட்டியப் பாடகர் பகுதியை உரக்க வாசியுங்கள். அந்தப் பையன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.