துபாயில் வீடு: எந்தக் குடும்பத்துக்கு?

கேள்வி: துபாயில் 14 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். வயது 44. மனைவி, ஒன்பதாம் வகுப்பில் மகள், ஐந்தாம் வகுப்பில் மகன் என நால்வரும் கராமாவில் மாதம் 9,000 திர்ஹம் வாடகைக்குக் குடியிருக்கிறோம். இதுவரை கொடுத்த வாடகையைக் கூட்டிப் பார்த்தால் வயிறு எரிகிறது. இப்போது 20 லட்சம் திர்ஹத்துக்கு, கட்டி முடித்த டவுன்ஹவுஸ் ஒன்று அமைந்திருக்கிறது. வங்கி 4.5 விழுக்காட்டு வட்டியில் கடன் தருகிறது. பத்தாண்டு கோல்டன் விசாவும் கிடைக்கும் என்கிறார் தரகர். முன்பணத்தில் பாதியைச் சென்னையிலிருந்து மாமனார் தருகிறார். 'வேறு வழியிலும்' அனுப்பலாம் என்கிறார். குடும்பத்துக்கென்று ஒரு வீடாக இதை வாங்கிவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், துபாய்

பதில்: உங்கள் நான்கு பக்கக் கடிதத்தை மேலே சுருக்கித் தந்திருக்கிறோம். முழுக் கடிதத்தில் தரகர் சொன்னது இருக்கிறது, மாமனார் சொன்னது இருக்கிறது, அலுவலக நண்பர்கள் இருவர் சொன்னதும் இருக்கிறது. உங்கள் மனைவி என்ன சொன்னார் என்பது மட்டும் ஒரு வரியிலும் இல்லை. குடும்ப வீடு வாங்கப் புறப்பட்டவர் குடும்பத்தைக் கேட்க மறந்தது எப்படி என்று புரியவில்லை.

முதலில் உங்கள் வயிற்றெரிச்சலைப் பார்ப்போம். 20 லட்சத்தில் வங்கி 80 விழுக்காடு, அதாவது 16 லட்சம் தரும். வெளிநாட்டுச் சம்பளக்காரர் என்பதால் கடைசித் தவணை 65 வயதுக்குள் முடிய வேண்டும். எனவே உங்களுக்கு 21 ஆண்டுகள். மாதத் தவணை ஏறத்தாழ 9,800 திர்ஹம் வரும். முதல் மாதத் தவணையில் 6,000 திர்ஹம் வட்டி. அந்த ஆறாயிரமும், வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் வாடகையைப் போலவே, திரும்பி வராத பணம்தான். அதற்கு மேல் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் உண்டு. ஏசி பழுதானால் இனி வீட்டுக்காரரைக் கூப்பிடவும் முடியாது.

குடிபுகும் முன்பே போகிற பணத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிலப் பதிவுத் துறைக்கு 4 விழுக்காடு, 80,000. தரகு 2 விழுக்காடு, 40,000. அதன்மேல் வாட் வரி 2,000. அடமானப் பதிவுக்குக் கடன் தொகையில் கால் விழுக்காடு, 4,000. ஆக 1,26,000 திர்ஹம். உங்கள் கணக்கில் இது பதினான்கு மாத வாடகை. நாளை வீட்டை விற்றாலும் திரும்பாது. முன்பெல்லாம் சில வங்கிகள் பதிவுக் கட்டணத்தையும் தரகையும் கடனோடு சேர்த்துக் கொடுத்தன. 2025 பிப்ரவரி முதல் அதுவும் நின்றுவிட்டது. நான்கு லட்சம் முன்பணத்தோடு சேர்த்து 5,26,000 திர்ஹம் உங்கள் கையிலிருந்தே போக வேண்டும். இப்படிப் போட்டதை எடுக்கவே சில ஆண்டுகள் அந்த வீட்டில் இருந்தாக வேண்டும்.

இருப்பீர்களா? உங்கள் மகள் இன்னும் மூன்று ஆண்டுகளில் பள்ளிப் படிப்பை முடிக்கிறாள். அவளைச் சென்னையிலோ கோவையிலோ கல்லூரியில் சேர்க்கப் போவதாகவும், 'அப்போது நாங்களும் ஊருக்கு வந்துவிட வாய்ப்புண்டு' என்றும் மூன்றாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான்காம் பக்கத்தில் 21 ஆண்டுக் கடனுக்கு யோசனை கேட்கிறீர்கள். இடையில் தேநீர் குடிக்க எழுந்து போனீர்கள் போலும்.

கோல்டன் விசா உண்மைதான். 20 லட்சம் திர்ஹம் மதிப்புள்ள சொத்துக்குப் பத்தாண்டு விசா தருகிறார்கள். வேலை போனதும் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்ற அச்சத்தை அது நீக்கும். ஆனால் அது குடியுரிமை அன்று; சொத்தை விற்றால் அதற்கான தகுதியும் போய்விடும். வேலை இல்லாத மாதத்தில் அந்த விசா உங்களைத் தங்க விடும், தவணையைக் கட்டாது.

விலை ஏறிக்கொண்டே போகும் என்பதற்குத் தரகர் தந்த வரைபடத்தை இணைத்திருக்கிறீர்கள். அது 2021-இல் தொடங்குகிறது. வெளிநாட்டவர், அரசு குறிப்பிட்ட பகுதிகளில் முழு உரிமையுடன் வீடு வாங்கத் துபாய் 2002-இல் வழி திறந்தது. 2006-ஆம் ஆண்டின் 7-ஆம் சட்டம் அதை உறுதிப்படுத்தியது. வரைபடத்தை அங்கிருந்து வரைந்திருந்தால், 2008-இன் இறுதியில் தொடங்கி ஓராண்டுக்குள் விலை ஏறக்குறையப் பாதியாக விழுந்ததும், 2014-க்குப் பின் ஆறு ஆண்டுகள் மெல்லச் சரிந்ததும் தெரிந்திருக்கும். பிறகு ஏறியதும் உண்மையே. ஏறும் காலத்தில் விற்கும் நிலையில் நாம் இருப்போமா என்பதுதான் சம்பளக்காரரின் தொல்லை.

வாங்குவதற்கு நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பன்னிரண்டு மாத அறிவிப்புக் கொடுத்து, வீட்டை விற்கப் போகிறேன் என்று காலி செய்யச் சொல்லும் உரிமை அங்கே வீட்டுக்காரருக்கு உண்டு. பிள்ளைகளின் பள்ளியை நடுவில் வைத்துக்கொண்டு வீடு தேடியவர்களுக்கு அதன் வலி தெரியும். திர்ஹம் டாலரோடு மாறாத விகிதத்தில் கட்டப்பட்ட நாணயம் என்பதும் ஒரு பலம். 2010-இல் 12 ரூபாய் அளவில் இருந்த ஒரு திர்ஹம் 2023-இல் 22 ரூபாயைத் தாண்டிவிட்டது. பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் அங்கேயே இருப்பது என்று குடும்பம் கூடி முடிவெடுத்தால், இதைவிடச் சிறிய ஒரு வீட்டை, உங்கள் ஒருவர் சம்பளத்தில் தவணை கட்டிய பிறகும் ஓராண்டுச் செலவுக்குக் கையிருப்பு மிஞ்சும்படி வாங்குங்கள். மூன்று ஆண்டில் திரும்புவதாக இருந்தால் வேண்டாம், கராமாவிலேயே இருங்கள்.

மாமனாரின் 'வேறு வழி' என்பது வங்கியைத் தவிர்த்து ஆள் மூலம் பணம் கைமாற்றும் உண்டியல் (ஹவாலா)தானே? அந்தப் பேச்சே கூடாது. இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை வங்கி வழியே வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கியின் திட்டம் இடம் தருகிறது. அவர் தர நினைக்கும் இரண்டு லட்சம் திர்ஹம் அதில் கால் பங்குகூட ஆகாது. நேர்வழி இவ்வளவு அகலமாக இருக்கும்போது, அந்நியச் செலாவணிச் சட்டப்படித் தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கக்கூடிய சந்துக்குள் அந்த வயதில் அவரை ஏன் அனுப்புகிறீர்கள்? நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் அந்த வீட்டை வைத்துக்கொள்ளச் சட்டத் தடை இல்லை. இந்தியாவில் வரிக்கு முழுக் குடியிருப்பாளர் ஆனதும் அதையும் அதன் வாடகையையும் வருமான வரிப் படிவத்தில் காட்ட வேண்டும். மறைத்தால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் காத்திருக்கிறது.

எப்போது வாங்கினாலும் உயில் எழுதிப் பதிவு செய்யுங்கள். முஸ்லிம் அல்லாதவர் உயில் இன்றி இறந்தால், 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அமீரகக் கூட்டாட்சிச் சட்டப்படி அங்குள்ள சொத்தில் பாதி மனைவிக்கும் மீதி பிள்ளைகளுக்குச் சமமாகவும் போகும். முஸ்லிம் என்றால் ஷரியத் பங்கீடு. நான் இருக்கும்போதே இதெல்லாம் எதற்கு என்று நினைக்க வேண்டாம். பங்கு கிடைப்பதற்குள் நீதிமன்றப் படி ஏறப்போவது, அங்கே வேலை பார்க்காத ஒரு பெண். உரிமைப் பத்திரத்தில் அவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். கடிதத்தில் விட்டதுபோல் அதிலும் விட்டுவிடாதீர்கள்.