எதிரே ஆள் இல்லாத பாட்டு

அன்புள்ள ஐயா,

கனடாவின் வடதுருவப் பகுதிப் பூர்வகுடிகளான இனுயிட் மக்களில் ஒருவரான பாடகி தான்யா டகாக்கைப் பற்றிப் பழைய பதில் ஒன்றில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தேடிப்பிடித்து அவருடைய ‘அனிமிஸம்’ தொகுப்பைக் கேட்டேன். உறுமலும் முனகலும் மூச்சிரைப்புமாக இருந்தது. பக்கத்தில் இருந்த என் மகள் பயந்துபோய் நிறுத்தச் சொல்லிவிட்டாள். இது அவர்களுடைய மரபிசைதானா, மேடைக்காகச் செய்கிற வித்தையா? எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

உங்கள் மகள்மேல் தப்பில்லை. நானும் முதல்முறை பாதியில் நிறுத்தியவன்தான்.

முதலில் கதஜ்ஜாக்கை, அதாவது இனுயிட் பெண்களின் தொண்டைப்பாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். அதைப் பாட்டு என்பதைவிட விளையாட்டு என்றே சொல்லலாம். இரண்டு பெண்கள் நேருக்கு நேர் நின்று கைகளைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருத்தி சின்னதாக ஓர் ஒலியைத் தொடங்குவாள். அவள் விடுகிற இடைவெளியில் மற்றவள் தன் ஒலியைச் செருகுவாள். மூச்சை விடும்போதும் ஒலி, இழுக்கும்போதும் ஒலி. காற்று, ஆறு, வாத்து, நாய்க்குட்டி எல்லாம் தொண்டைக்குள் வந்துபோகும். மூச்சு தவறியவளோ சிரித்துவிட்டவளோ தோற்றாள். பெரும்பாலும் இரண்டு பேரும் சிரித்துத்தான் முடியும். ஆண்கள் வேட்டைக்குப் போயிருக்கும்போது பெண்கள் பொழுதுபோக்கிய வழி இது. மிஷனரிகள் வந்து இதைத் தடுத்தார்கள், பல ஊர்களில் வழக்கொழிந்தே போனது. அப்புறம் 2014இல் கியூபெக் அரசு இதைப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. (ஒரே குரலில் இரண்டு சுரம் கேட்கும் ரஷ்யாவில் இருக்கும் துவா பகுதியின் தொண்டைப்பாட்டு வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

டகாக் 1975இல், இன்று கனடாவின் வடகோடி நுனாவுட் பகுதியில் இருக்கும் கேம்பிரிட்ஜ் பேயில் பிறந்தவர். ஆனால் கதஜ்ஜாக்கைக் கற்றது அங்கே அல்ல. தூரத்தில் ஹாலிஃபாக்ஸில் ஓவியம் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா அனுப்பிய ஒலிநாடாக்களைக் கேட்டுத் தானாகவே பழகினார். எதிரே நின்று பாட ஆள் கிடையாது. இருவர் பாட்டை ஒருத்தியாகவே பாடிப் பாடி அது வேறொன்றாகிவிட்டது. இப்படித் தனியாகப் பாடுவது மரபே இல்லை என்று இனுயிட் மக்களிலேயே சிலர் வருத்தப்பட்டதுண்டு. மரபா வித்தையா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: வேர் மரபுதான், ஆனால் எதிரே நிற்க வேண்டியவள் இல்லை. அந்தக் காலியிடத்தில் யாரை நிறுத்துவது என்பதுதான் அவருடைய இசைவாழ்க்கை முழுவதும்.

ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் 2001இல் அவரைத் தன் இசைப்பயணத்துக்கு அழைத்துப் போனார், 2004இல் தன் ‘மெதுல்லா’ தொகுப்பிலும் பாடவைத்தார். 2005இல் டகாக்கின் முதல் தொகுப்பு ‘ஸினா’ வந்தது. குரோனோஸ் என்ற நால்வர் தந்திவாத்தியக் குழுவோடும் பாடினார். நிலையான துணையாக அமைந்தவர்கள் வயலின் கலைஞர் ஜெஸ்ஸி ஸூபோட்டும் டிரம்ஸ் வாசிக்கும் ஜான் மார்ட்டினும். ‘அனிமிஸ’த்தை மறுபடி கேட்கும்போது வயலினைப் பக்கவாத்தியமாக நினைக்காமல் எதிரே நிற்கும் பெண்ணாக நினைத்துக் கேளுங்கள். அவர் மூச்சு இழுக்கிற இடத்தில் வில் நுழையும். சில இடங்களில் யார் தொடங்கினார்கள் என்றே தெரியாது.

அந்தத் தொகுப்புக்குத்தான் 2014இல் கனடாவின் சிறந்த இசைத்தொகுப்புக்கான போலாரிஸ் பரிசு. ராப் பாடகர் டிரேக்கும் ஆர்கேட் ஃபயர் ராக் குழுவும் போட்டியில் இருந்த வருடம். விழாவில் அவர் பாடியபோது, காணாமல்போன, கொல்லப்பட்ட 1,200 பூர்வகுடிப் பெண்களின் பெயர்கள் பின்திரையில் ஓடிக்கொண்டிருந்தன. ‘ரெட்ரிப்யூஷன்’ (2016) இன்னும் கடுமையானது, அதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். ‘டங்ஸ்’ (2022) அவருடைய நாவலின் சொற்களைக் கொண்டு செய்தது. எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. சொல் முன்னால் வந்ததும் மூச்சு பின்னால் போய்விடுகிறது.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி இனுயிட் மக்களைப் பற்றி எடுத்த 1922ஆம் ஆண்டு மௌனப்படமான ‘நனூக் ஆஃப் தி நார்த்’தைத் திரையில் ஓடவிட்டு, அதன் முன் நின்று டகாக் பாடுவார். 2012இல் டொராண்டோ திரைப்பட விழாவில் தொடங்கியது. அந்தப் படத்தில் கிராமஃபோனைப் பார்த்து வியந்து, இசைத்தட்டைக் கடித்துப் பார்ப்பார் கதாநாயகன் நனூக். அது சொல்லிச் செய்யவைத்த நடிப்பு. நனூக்காக நடித்த அல்லகரியல்லக்குக்குக் கிராமஃபோன் ஏற்கெனவே தெரியும். இசைத்தட்டு என்றால் என்னவென்றே தெரியாதவர்களாகக் காட்டப்பட்ட மக்களில் ஒருத்தி, ஒலிநாடாவில் பாட்டுக் கற்றவள், அதே படத்துக்குக் குரல் கொடுக்கிறாள். இந்த முறை எதிரே நிற்பது ஒரு பழைய படம்.

சரி, தொடங்கும் இடம். முதலில் ஏதாவது இரண்டு பெண்கள் பாடும் கதஜ்ஜாக், அப்புறம் ‘ஸினா’, பிறகு ‘அனிமிஸம்’. கதஜ்ஜாக்கை உங்கள் மகளோடு நேருக்கு நேர் நின்று ஒருமுறை முயன்றும் பாருங்கள். யார் முதலில் சிரித்தீர்கள் என்று எழுதுங்கள்.