குட்டி ஆட்டின் ரத்தம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இரண்டு மாதக் குட்டியின் ரத்தத்தை டவுனில் உள்ள லேபில் கொடுத்துப் பார்த்தோம். சிவப்பணு மிகக் குறைவு, தட்டணு பல மடங்கு அதிகம் என்று வந்திருக்கிறது. குட்டியோ துள்ளிக்கொண்டு திரிகிறது.

கோளாறு குட்டியிடம் இல்லை, இயந்திரத்தில். மனிதச் சிவப்பணு 7 முதல் 8 மைக்ரான் விட்டம் கொண்டது. வெள்ளாட்டினுடையது ஏறக்குறைய 3 மைக்ரான்தான். மனித ரத்தத்துக்கு அமைத்த செல் கவுண்டர் அளவைப் பார்த்துத்தான் அணுக்களைப் பிரிக்கிறது. ஆட்டுச் சிவப்பணுவில் பெரும்பகுதியை, அளவில் மிகச் சிறிய தட்டணு (ரத்தம் உறைய உதவும் அணு) என்று எண்ணிவிடும். அறிக்கையின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் 'இயல்பு அளவு'களும் மனிதருக்கானவை. அந்தப் பத்தியை அடித்துவிடுங்கள்.

வளர்ந்த ஆட்டுக்குச் சரியான அளவுகள்: பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 22 முதல் 38 சதவீதம். ஹீமோகுளோபின் 100 மில்லி ரத்தத்தில் 8 முதல் 12 கிராம். வெள்ளையணு ஒரு மைக்ரோலிட்டரில் 4,000 முதல் 13,000.

அடுத்த முறை மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தைச் சுழற்றி பிசிவி பார்க்கச் சொல்லுங்கள். மனித ரத்தத்துக்கு 5 நிமிடம் போதும். ஆட்டுக்கு 10 நிமிடம் வேண்டும், ஏனென்றால் இந்தச் சின்ன அணுக்கள் இறுகிப் படிய நேரமாகும். அவசரப்பட்டு நிறுத்தினால் பிசிவி கூடுதலாகத் தெரியும், சோகை மறைந்துவிடும். ஊதா மூடிக் குழாயில் கோடு வரை ரத்தம் எடுக்க வேண்டும். குறைவாக எடுத்தால், ரத்தம் கட்டாமலிருக்க உள்ளே வைத்திருக்கும் மருந்தின் செறிவு கூடி அணுக்கள் சுருங்கி, பிசிவி குறைவாகக் காட்டும். எடுத்ததும் எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்க வேண்டாம். ஐஸ் பெட்டியில் வைக்கும்போது குழாய் ஐஸைத் தொடக் கூடாது. உறைந்தால் அணு உடைந்து மாதிரி வீணாகும்.

கேள்வி: பிறந்தபோது பிசிவி 30. ஒரு மாதத்தில் 24. டானிக் கொடுக்கலாமா?

இந்த வயதில் இறக்கம் இயல்பு. கருவிலிருந்தபோது உருவான சிவப்பணுக்கள் கழிந்து புதியவை வரும் காலம் இது. உடம்பும் வேகமாக வளர்கிறது, பாலிலோ இரும்புச்சத்து சொற்பம். தழை கடிக்கத் தொடங்கியதும் ஏறும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்க்கும்போது அணுக்கள் கோணல்மாணலாகத் தெரிந்தாலும் அதை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்ட வேண்டாம்.

மண்ணே மிதிக்காமல் பரண் கொட்டகையில் பால் மட்டும் குடித்து வளரும் குட்டிக்கு இரும்பு ஊசி தேவைப்படலாம். எடை பார்த்து மருத்துவர் போடட்டும். இரும்பு மிஞ்சினால் நஞ்சு. கடையில் விற்கும் டானிக் பாட்டில்களில் நிறம்தான் அதிகம்.

கேள்வி: மழைக்குப் பிறகு குட்டிகள் வெளுத்து, தாடைக்கடியில் வீக்கம். சாணத்தில் புழு முட்டை இல்லை என்கிறார்கள்.

முதலில் சந்தேகிக்க வேண்டியது ஹீமாங்கஸ் என்ற ரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழு. குட்டிக்குள் போய் முட்டையிட ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும், ஆனால் அதற்கு முன்பே உறிஞ்சத் தொடங்கிவிடும். அதனால்தான் சாணம் சுத்தமாகத் தெரிகிறது. ஒரு புழு நாளுக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தத்தைக் குடிக்கிறது. ஆயிரம் புழு என்றால் 50 மில்லி. பத்துக் கிலோ குட்டியின் உடம்பில் மொத்த ரத்தமே ஏறக்குறைய 700 மில்லிதான். எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம். ரத்தத்தோடு புரதமும் போவதால்தான் தாடை வீங்குகிறது.

தென்னாப்பிரிக்காவில் உருவான பாமச்சா அட்டையை வைத்துக் கண் பாருங்கள். மேல் இமையால் கண்ணை மூடி லேசாக அழுத்தி, கீழ் இமையை இறக்கி, உள்சவ்வின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட வேண்டும். 1 நல்ல சிவப்பு, 5 வெள்ளை. குட்டியில் 3 வந்தாலே மருந்து. கண் நோயால் சிவந்திருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றும். அட்டை சோகையைத்தான் காட்டும், புழுவை அல்ல. பேன், உண்ணியும் இதே வெளுப்பைத் தரும். ரோமத்தைப் பிரித்துப் பாருங்கள்.

பல புழு மருந்துகளில் செம்மறி அளவு வெள்ளாட்டுக்குப் போதாது. கண்ணால் எடை மதிப்பிட்டுக் குறைவாகக் கொடுப்பதுதான் மருந்துக்கு அடங்காத புழுவை வளர்க்கிறது. தராசில் நிறுத்து, மருத்துவரிடம் அளவு கேட்டுக் கொடுங்கள். 10 முதல் 14 நாளில் மறுபடி சாணம் பாருங்கள். ரத்தம் ஊற வாரங்களாகும். அதற்குள் பிண்ணாக்கு, வேலிமசால், அகத்தி கூட்டுங்கள். பிசிவி 12-க்கும் கீழே போன குட்டியை ஓட்டவோ விரட்டவோ கூடாது, அந்த ஓட்டத்திலேயே விழுந்து சாகும். அதற்குத் தேவை ரத்தம் ஏற்றுதல்.

கேள்வி: ரத்தக் கழிச்சல் இருக்கிறது, ஆனால் பிசிவி 36. பயமில்லையே?

அந்த எண்ணை நம்பாதீர்கள். கழிச்சலில் நீர் போனால் மிச்ச ரத்தம் கெட்டியாகி பிசிவி ஏறும். கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு நிற்கிறதா, கண் குழிந்திருக்கிறதா பாருங்கள். நீர்ச்சத்து ஏற்றிய மறுநாள் அதே குட்டிக்கு 20 வரலாம். குடலைத் தாக்கும் காக்சிடியா என்ற ஒட்டுண்ணி இருக்கிறதா என்று சாணப் பரிசோதனையும் வேண்டும்.

கேள்வி: வெள்ளையணுவில் லிம்போசைட் 62 சதவீதம். தொற்றா?

இல்லை. ஆட்டில் அதுதான் பெரும்பான்மை.

கேள்வி: பாட்டில் பால் குட்டி வயிறு முட்டத் தண்ணீர் குடித்தது. சில மணி நேரத்தில் சிறுநீர் சிவப்பு.

ஆட்டுச் சிவப்பணு நீர்த்த ரத்தத்தில் எளிதில் வெடிக்கும். உள்ளிருக்கும் நிறம் சிறுநீரில் இறங்குகிறது. கண்ணாடிக் குவளையில் பிடித்து வையுங்கள். அடியில் சிவப்புப் படிந்தால் ரத்தப்போக்கு. படியாமல் தெளிவாகச் சிவந்தே இருந்தால் அணு உடைந்தது. நடுக்கம், தள்ளாட்டம் வந்தால் மூளை வீக்கத்தின் அறிகுறி, தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். வழியில் தண்ணீர் வேண்டாம். உடம்புச் சூடு 104 டிகிரிக்கு மேல் இருந்தால் உண்ணி பரப்பும் பபீசியா என்ற ரத்த ஒட்டுண்ணியையும் சோதிக்கச் சொல்லுங்கள். மற்ற குட்டிகளுக்குத் தண்ணீரைப் பாட்டிலில் கொடுப்பதை நிறுத்தி, ஆழமில்லாத தொட்டியில் நாள் முழுதும் வையுங்கள். தாகத்தில் தவிக்கவிட்டு ஒரேயடியாகக் காட்டுவதுதான் ஆபத்து.